ரேஸ் காருக்கு யார் பெயின்ட் அடித்தார்கள்?

ஃபெராரி ஏன் சிவப்பு? பழைய பிரிட்டிஷ் ரேஸ் கார்கள் ஏன் கரும்பச்சை? பிரெஞ்சுக் கார் என்றால் ஏன் நீலம்?

வீட்டில் கார் பைத்தியம் பிடித்த பையன் இருந்தால் அவனிடம் கேளுங்கள், டக்கென்று ஏதாவது பதில் சொல்வான். ஆனால் 1968-க்குப் பிறகு அந்தக் கார்களுக்கு யார் நிறம் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும். அந்தப் பதில் தினமும் என் ஓபியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

காரைக்கால் பக்கம் சுரக்குடிக்காரன் நான். அரசு மருத்துவமனையில் வேலை. ரேஸ் கார் பெயின்டில் டாக்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். டீயை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஒரு சொல். ரேஸ் காரின் வண்ணமும் எழுத்தும் சின்னமும் சேர்ந்த மொத்த அலங்காரத்துக்கு 'லிவரி' என்று பெயர். நம்ம லிவர் இல்லை, அது வேற. லிவரி என்ற சொல்லுக்குப் பழைய பொருள், ஒரு எஜமானர் தன் வீட்டு வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் சீருடை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கதைக்கு வருவோம்.

1900-ஆம் ஆண்டு. நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையின் முதலாளி ஜேம்ஸ் கார்டன் பென்னட் ஒரு கோப்பை வைத்துக் கார் பந்தயம் நடத்தினார். அதில் தனி ஆள் போட்டியிட முடியாது, நாடுகள்தான் போட்டியிட வேண்டும். புழுதி பறக்கிற மண் ரோட்டில் வருகிற கார் எந்த நாட்டுக் கார் என்று தூரத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? எலியட் ஸ்பரோவ்ஸ்கி என்ற பிரபு ஒரு யோசனை சொன்னார். நாட்டுக்கு ஒரு நிறம்.

பிரான்சுக்கு நீலம். பெல்ஜியத்துக்கு மஞ்சள். ஜெர்மனிக்கு வெள்ளை. அமெரிக்காவுக்கு சிவப்பு.

1902-ல் ஒரு ஆங்கிலேயர் ஜெயித்துவிட்டார். அப்படியானால் அடுத்த வருஷப் பந்தயத்தை அவர்கள் நாட்டில் நடத்த வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் பொது ரோட்டில் ரேஸ் விடச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் 1903 பந்தயம் அயர்லாந்தில் நடந்தது. அந்த மண்ணுக்கு மரியாதையாகத்தான் பிரிட்டிஷ் கார்கள் பச்சை பூசிக்கொண்டன என்று சொல்வார்கள். பிற்பாடு சிவப்பு இத்தாலிக்குப் போனது. ஃபெராரி சிவப்பின் பூர்வீகம் இதுதான்.

ஜெர்மனியின் வெள்ளை எப்படி வெள்ளியானது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1934-ல் காரின் எடை 750 கிலோவைத் தாண்டக்கூடாது என்று விதி. மெர்சிடஸ் ஒரு கிலோ கூடிப்போனதாம். ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயின்டைச் சுரண்டி எடுத்தார்களாம், அடியிலிருந்த அலுமினியம் பளபளத்ததாம். இதற்கு ஆதாரம் போதாது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் கதை நிற்கிறது. வண்ணத்தைச் சுற்றி ஒரு கதை ஒட்டிக்கொண்டால் அது லேசில் போகாது, பாருங்கள்.

பிரெஞ்சு நீலம் எங்கள் ஊருக்கும் கொஞ்சம் சொந்தம். 1739-லிருந்து 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரான்சின் கையில் இருந்தது. 1924-ல் லியோன் நகரில் புகாட்டி டைப் 35 என்ற அழகான நீலக் கார் முதல்முறையாக ஓடியபோது, சட்டப்படி பார்த்தால் சுரக்குடியும் அந்தக் காரும் ஒரே கொடிக்குக் கீழேதான். எங்கள் தாத்தாமார் அன்றைக்கு மாட்டுவண்டியில் நெல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்!

ஆக, முதல் அறுபது எழுபது வருஷம் ரேஸ் காரின் பெயின்ட் என்பது ஒரு கொடி. எஜமானர், நாடு.

இப்போது ரேஸ் டிராக்கை விட்டு ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

1950-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்றுநோயோடு படுத்திருந்தவர்களையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, சிகரெட்டுக்கும் அந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1962-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் அறிக்கை. 1964-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை. இரண்டும் ஒரே விஷயத்தைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டன.

1965 ஆகஸ்டில் பிரிட்டனில் டிவி சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. 1971 ஜனவரியில் அமெரிக்காவிலும் தடை.

இப்போது நீங்கள் ஒரு சிகரெட் கம்பெனி முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கோடிக்கணக்கில் விளம்பரப் பணம். டிவிக்குள் போகக் கதவு இல்லை. என்ன செய்வீர்கள்?

டிவி காட்டுகிற ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வீர்கள்.

1968 ஜனவரி 1, தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரீ. கன்ஸ்டன் என்ற சிகரெட்டின் நிறத்தில், அதே பெயர் கொண்ட அணியின் கார்கள் ஓடின. ஃபார்முலா ஒன்னில் சிகரெட்டின் சீருடை போட்ட முதல் கார்கள் அவைதான். அதே வருஷம் லோட்டஸ் அணியின் காலின் சாப்மன் தன் பிரிட்டிஷ் பச்சையைக் கழற்றிவிட்டு, கோல்டு லீஃப் சிகரெட்டின் சிவப்பு வெள்ளை தங்கத்தைப் பூசிக்கொண்டார். மே மாதம் ஸ்பெயினில் கிரகாம் ஹில் அந்தக் காரில் ஜெயித்தார்.

சாப்மனை வில்லனாக்க வேண்டாம். ரேஸ் நடத்தக் காசு வேண்டும். அதுவரை பெட்ரோல், டயர் கம்பெனிகள் கொடுத்துவந்த பணம் போதவில்லை. காசு கொடுக்க யார் தயாராக இருந்தார்களோ அவர்கள் சட்டையை அவர் மாட்டிக்கொண்டார். பிரச்சினை, அந்தக் காசு ஏன் வந்தது என்பதில்.

அதன் பிறகு நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1972-ல் லோட்டஸ் கறுப்பும் தங்கமுமாக மாறியது. அது ஜான் பிளேயர் ஸ்பெஷல் பெட்டியின் நிறம். 1974 முதல் 1996 வரை மெக்லாரன் சிவப்பு வெள்ளை, அது மார்ல்பரோ பெட்டி. 1988-ல் அந்தப் பெட்டி 16 ரேஸில் 15 ஜெயித்தது. அயர்டன் சென்னா முதல் வெற்றி பெற்றது ஜான் பிளேயர் கறுப்பில். உலக சாம்பியன் ஆனது மார்ல்பரோ சிவப்பில். 1994 மே 1 அன்று அவர் உயிர் போனது ராத்மன்ஸ் நீலத்தில்.

அழகான கார்கள் அவை, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழகாக இல்லாவிட்டால் அவ்வளவு பணம் கொடுத்திருப்பார்களா என்ன?

இதில் எனக்கு மிக நெருக்கமான உதாரணம் பிரான்சின் லிஜியே அணி. 1976-ல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது. 1977-ல் ஸ்வீடனில் ழாக் லஃபித் ஜெயித்தபோது கார், இன்ஜின், ஓட்டியவர் மூன்றுமே பிரெஞ்சு. காரின் நிறம் நீலம். கொடியின் நீலம்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் பக்கவாட்டில் இருந்தது ஜித்தான் சிகரெட்டின் சின்னம், புகைக்கு நடுவே ஆடும் ஒரு பெண். ஜித்தான் பெட்டியும் நீலம்தான்.

அந்த சிகரெட்டைத் தயாரித்த செய்த்தா என்ற நிறுவனம் 1995 வரை பிரெஞ்சு அரசுடையது. அரசாங்கமே ஒரு கையால் சிகரெட் விற்றது, இன்னொரு கையால் ஆஸ்பத்திரி நடத்தியது. கார் மேல் நாட்டின் நீலம் எங்கே முடிகிறது, பெட்டியின் நீலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது.

இந்தக் காரை நான் டிவியில் பார்ப்பதற்கு முன்பே கையில் வைத்திருந்தேன்.

காரைக்காலில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை நாங்கள் சொல்தா என்போம். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் அப்படி சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தை மாதமும் ஊருக்கு வந்துவிடுவார். நான் மூன்றாவது படிக்கும்போது எனக்கு ஒரு நீல ரேஸ் கார் பொம்மை கொண்டுவந்தார்.

அந்தக் காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு காரைக்கால் கடற்கரைக்குப் போனோம். விடிகாலைப் பனி முழுசாக விலகாத நேரம், வாடைக் காற்று, அலை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. அம்மா தூக்கில் புளிசாதம், பெரியம்மா வறுத்த கிழங்கு. அரசலாறு கடலில் சேர்கிற பக்கம் ஈர மணலில் நானும் மாமா பையன்களும் கையால் ரேஸ் டிராக் தோண்டினோம். சுண்டல்காரர்கூட நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து நீலப் பெட்டி ஒன்றை எடுத்தார். அதில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். என் காரிலும் அவளேதான்.

"மாமா, உங்க டப்பாவும் என் காரும் ஒரே கலரு!"

மாமா சிரித்தார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார். புகையிலை வாசமும் உப்புக் காற்றும் கலந்த அந்த வாசம் இன்றைக்கும் எனக்குப் பிடித்த வாசம். டாக்டராக இதைச் சொல்லச் சங்கடம்தான், ஆனால் உண்மை அதுதான்.

எனக்கு அப்போது பிரெஞ்சில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. படிக்கத் தேவையே இருக்கவில்லை. நிறமும் அந்தப் பெண்ணும் போதும். கடல், பொங்கல், மாமா, கார், எல்லாம் அந்த நீலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

நான் எம்பிபிஎஸ் மூன்றாம் வருஷம் படித்தபோது மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, 35 வருஷம். நாங்கள் கேஸ் ஷீட்டில் இதை '35 பேக் இயர்ஸ்' என்று எழுதுவோம். ஏழு மாதத்தில் போய்விட்டார்.

பொம்மைக் கார்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பொம்மை எனக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அவர் புகைக்கிறார். அந்தப் பொம்மை அவருக்கானது இல்லை. அது எனக்கானது.

ஒரு குடும்பத்துக் கதையை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

1991 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் படங்களைக் கொடுத்து எந்தப் பொருளோடு சேரும் என்று கேட்டார்கள். கேமல் சிகரெட்டின் ஒட்டகக் கார்ட்டூனை 3 வயதில் 30 சதவீதம் பேர் சரியாக சிகரெட்டோடு சேர்த்தார்கள். 6 வயதில் 91 சதவீதம் பேர். மிக்கி மவுஸுக்குச் சமமாக அந்த ஒட்டகத்தைத் தெரிந்திருந்தது.

1997-ல் லான்செட் இதழில் இன்னொரு ஆய்வு. இங்கிலாந்தில் 12, 13 வயது, புகைப்பழக்கம் இல்லாத பையன்கள். டிவியில் கார் ரேஸ்தான் பிடித்த விளையாட்டு என்று சொன்னவர்களில் 12.8 சதவீதம் பேர் அடுத்த ஆண்டுக்குள் வழக்கமாகப் புகைக்கத் தொடங்கியிருந்தார்கள். ரேஸ் பிடிக்கும் என்று சொல்லாதவர்களில் அது 7 சதவீதம்.

இது தொடர்பைக் காட்டுகிறது, இதுவே முழு நிரூபணம் ஆகாது. ஆனால் இதைப் படித்த பிறகு, "கார் மேல பேரு எழுதினா யாராவது குடிக்கப் போறாங்களா சார்?" என்று கேட்பவருக்குக் கொடுக்க ஒரு பதில் இருக்கிறது.

நம்ம நாட்டுக்கு வருவோம்.

ரேஸ் நமக்குப் புதுசு இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கிடந்தது. அதில்தான் ரேஸ். பழைய மெட்ராஸ்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சோழவரம் ரேஸ் என்றதும் முகம் மலரும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. கோவையின் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்தே ரேஸ் கார் கட்டி, 1988-ல் அதற்கென்றே ஒரு பந்தயப் பிரிவு வரக் காரணமானார்.

ஆனால் இந்தியாவில் கோடிப் பேர் பார்ப்பது கார் ரேஸை அல்ல, கிரிக்கெட்டை. அதனால் சிகரெட் அங்கே போனது. 1996 உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. சச்சின் நெஞ்சில் வில்ஸ். நம்மில் எத்தனை பேர் தெருவில் ஆடும்போது பழைய பனியனில் ஸ்கெட்ச் பேனாவால் அந்த எழுத்தை எழுதிக்கொண்டோம், சொல்லுங்கள்! பத்து வயதுப் பையன்கள் காசு வாங்காமல் விளம்பரப் பலகை தூக்கிய காலம் அது.

2003-ல் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. 2004 மே 1 முதல் விளம்பரத்துக்கும் ஸ்பான்சர்ஷிப்புக்கும் தடை. அதே ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தையும் இந்தியா ஏற்றது. 2005-ல் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நாம் எல்லாரும் கைதட்டினோம், தட்டத்தான் வேண்டும். அவர் ஓட்டிய ஜோர்டான் காரின் மஞ்சள் எந்த நாட்டுக் கொடியும் இல்லை. பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் சிகரெட்டுக்காகப் பூசி, வருஷக்கணக்காகப் பழகிப்போன மஞ்சள் அது.

எழுத்தை எடுத்தாலும் நிறம் வேலை செய்யும் என்பதைக் கம்பெனிகள் நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தன. தடை உள்ள நாடுகளில் அதே ஜோர்டான் அணி பென்சன் அண்ட் ஹெட்ஜஸை அழித்துவிட்டு, அதே எழுத்து வடிவில் 'பிட்டன் அண்ட் ஹிஸஸ்' என்று எழுதியது, கூடவே ஒரு பாம்புப் படம். அப்புறம் 'பஸ்ஸின் ஹார்னெட்ஸ்', கூடவே ஒரு குளவி. சட்டப்படி பாம்பும் குளவியும் சிகரெட் இல்லையே!

2005 ஜூலை 31 முதல் ஐரோப்பிய யூனியன் முழுக்கத் தடை. அதன் பிறகு ஃபெராரியில் மார்ல்பரோ என்ற எழுத்துக்குப் பதிலாக சிவப்பு, வெள்ளை, கறுப்புக் கோடுகள் போட்ட பார்கோடு மாதிரி ஒன்று வந்தது. இது மறைமுக விளம்பரம் என்று பிரிட்டனில் டாக்டர்கள் குரல் கொடுத்தார்கள். இல்லவே இல்லை, அது காரின் டிசைன்தான் என்றது ஃபெராரி. ஆனாலும் 2010 மே மாதம் அந்தக் கோடுகள் காரிலிருந்து இறங்கின. பெயின்ட் டிசைனைப் பார்த்து டாக்டர்கள் சண்டை போட்டு ஜெயித்த கதை இது. நான் ஏன் இந்தப் பதிவு எழுதுகிறேன் என்று இப்போது புரியும்.

அடுத்த வருஷமே, 2011-ல், லோட்டஸ் ரெனோ அணி கறுப்பு தங்கத்தில் வந்தது. ஒரு சிகரெட் பெயர்கூட இல்லை. ஆனால் பார்த்தவர்கள் வாயில் வந்த பெயர் ஜான் பிளேயர் ஸ்பெஷல்! கனடாவில் இது புகையிலை விளம்பரம் ஆகுமா என்ற கேள்வியே எழுந்தது. நாற்பது வருஷத்துக்கு முன் பூசிய பெயின்ட், காசு எதுவும் கொடுக்காமலே வேலை செய்தது. பழைய நினைவு என்பது இவ்வளவு மலிவான விளம்பரம்.

இன்றைக்கு சிகரெட் போய் நிகோடின் பை வந்திருக்கிறது. உதட்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிற சின்னப் பொட்டலம். வெலோ என்ற அந்த பிராண்டின் பெயர் சில வருஷமாக மெக்லாரன் காரில் வந்தது. நம்ம பக்கம் பான் மசாலாக்காரர்கள் ஏலக்காய் பெயரில் விளம்பரம் செய்கிறார்கள், சினிமா ஸ்டார்கள் வந்து சிரிக்கிறார்கள். பெட்டியின் நிறமும் எழுத்தும் அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் ஏலக்காய். பாம்பு, குளவி, ஏலக்காய். எல்லாம் ஒரே குடும்பம்.

இந்தக் கதையில் எனக்கு நிம்மதி தரும் பகுதி ஒன்று உண்டு. பெட்டிக்கே இப்போது பெயின்ட் போய்விட்டது.

2012 டிசம்பர் 1 முதல் ஆஸ்திரேலியாவில் எல்லா சிகரெட் பெட்டியும் ஒரே அழுக்குப் பச்சை கலந்த பழுப்பு. இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம். 2017 ஜனவரியில் பிரான்சும் ஆஸ்திரேலியா வழிக்கு வந்தது. மாமா வைத்திருந்த அந்த நீலப் பெட்டி இன்றைக்குப் பிரான்சில் எந்தக் கடையிலும் கிடையாது. ஆடும் பெண்ணும் இல்லை. கொடியின் நீலம் மட்டும் கொடியில் இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில்.

ஆனால் நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் சிகரெட்டைப் பெரும்பாலும் ஒன்று ரெண்டாகத்தான் வாங்குகிறார்கள். பெட்டியே கைக்கு வராதபோது அதன் மேல் இருக்கும் எச்சரிக்கைப் படத்தை யார் பார்ப்பது? 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். கிட்டத்தட்ட 27 கோடிப் பேர். எங்கள் ஓபி வரிசை குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேஸ் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் பார்ப்பேன். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஸ்ட்ரீட் ரேஸ் நடந்தபோது, டியூட்டி ரூமில் போனில் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நான். வண்ண வண்ணமாகக் கார்கள் போவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது?

பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தக் காரோட கலர் யாரோடது?" பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். தேடுகிற பிள்ளைக்குச் சீருடை கொடுத்த எஜமானர் யார் என்று தெரிந்துவிடும். மாமாவுக்கு அந்தக் கேள்வியை யாரும் சொல்லித்தரவில்லை.

புகையிலையை விட வேண்டும் என்று நினைப்பவர்கள் தேசிய உதவி எண் 1800-11-2356-ஐக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை. ஒரே முயற்சியில் விட முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், பலருக்கும் இரண்டு மூன்று தடவை ஆகும். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வந்தும் கேளுங்கள். "எத்தனை வருஷமா?" என்று நாங்கள் கேட்பது திட்டுவதற்கு இல்லை, கணக்குப் போடுவதற்கு. அந்தக் கணக்கு எந்த நாளில் வேண்டுமானாலும் நிற்கலாம். இன்றைக்கே நின்றால் நல்லது.